கந்தளாய்த் தயிரும் கன்னியாச் சின்னம்மாவும்

அம்மாவின் தங்கச்சி, கன்னியாச் சின்னம்மாவைப் பார்க்க அம்மாவோடு திருமலைக்கு, அதாவது திருகோணமலைக்கு, போய் ஹட்டனுக்குத் திரும்பி நாலு நாள் ஆகிறது. அம்மாவின் முழங்கால் வீக்கம் இன்னும் வற்றவில்லை. பயணப் பையில் கருவாட்டு வாசமும் போகவில்லை. இரண்டும் போவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ராத்திரி ராத்திரி கொப்பியில் குறித்து வைத்தவைதான், கொஞ்சம் ஒழுங்குபடுத்தி நாளுக்கு ஒன்றாகப் போடுகிறேன்.

என் தொழிலைச் சொல்லாவிட்டால் நான் பார்த்தது ஏன் அப்படிக் கண்ணில் பட்டது என்று புரியாது. ஒரு சின்ன மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் வேலை. பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், காணி உறுதி என்று சிங்களத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து சிங்களத்துக்கும் மாற்றுவது. பிறப்புச் சான்றிதழில் தகப்பனின் இனம், தாயின் இனம் என்று கட்டங்கள் உண்டு. எங்கள் பக்கத்தில் அதில் பெரும்பாலும் ஒரே பதில்தான்: இந்தியத் தமிழர். வெள்ளைக்காரன் காலத்தில் தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழி என்று அர்த்தம். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது தட்டச்சு செய்வேன். என்னுடைய சான்றிதழிலும் அதுதான். இந்தியாவை நான் தொலைக்காட்சியில்தான் பார்த்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 7, 2025, வியாழன்: கந்தளாயில் ஒரு பஞ்சர்

டிக்கெட் கதை எழுதவேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் கோளாறே அங்கேதான் தொடங்கியது. கண்டியிலிருந்து திருமலைக்கு இரண்டு சீட் போனில் சொல்லி வைத்திருந்தோம். போய்ப் பார்த்தால் அந்த இடத்தில் ஒரு புருஷன் பெண்சாதி உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருக்கிறார்கள். கண்டக்டர் கொப்பியைப் புரட்டினார், தலையைச் சொறிந்தார், "நாளைக்குப் போயா, அதுதான் சனம்" என்றார். போயா என்றால் பௌர்ணமி லீவு. அவ்வளவுதான் விளக்கம்.

அம்மாவுக்கு 71 வயது. மாத்தளை வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அங்கே லீவில் போகிற ஒரு ஆமிப் பையன் எழுந்து, "அம்மே, வாடிவென்ன" என்று இடம் கொடுத்தான். அம்மா உட்கார்ந்து அவனுடைய பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். தம்புள்ளை போவதற்குள் அவனுக்கு எத்தனை தங்கச்சிகள், எந்தத் தங்கச்சிக்கு எப்போது கல்யாணம் என்பதெல்லாம் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. கொழுந்து பறித்த காலத்தில் கற்றுக்கொண்ட சிங்களம். இலக்கணம் கிடையாது, தடையும் கிடையாது.

ஹபரணை தாண்டியதும் வெக்கை. ஹட்டனில் விடியற்காலை போட்ட சுவெட்டரைக் கழற்றமாட்டேன் என்று அம்மா பிடிவாதம். காற்று சேராதாம். அந்தக் காற்றில் அப்பளமே பொரிக்கலாம்.

கந்தளாய்க்கு வந்ததும் டயர் போனது. முக்கால் மணித்தியாலம். ஒருவிதத்தில் நல்லதாய்ப் போயிற்று, ரோட்டோரம் வரிசையாகத் தயிர்க் கடைகள். சட்டி 700 ரூபா. கோப்பையில் போட்டு மேலே கித்துள் பாணி ஊற்றிக் கொடுத்தால் 150. எருமைத் தயிர், கரண்டியால் வெட்டி எடுக்கவேண்டும். அம்மா இரண்டு கோப்பை சாப்பிட்டார்.

கடைக்காரப் பெண்ணுக்கு என் வயதிருக்கும். நான் சிங்களத்தில் பேசியதும் முகம் மலர்ந்து, "நங்கி எங்கே?" என்று ஊரைக் கேட்டார். ஹட்டன் என்றேன். "நாங்களும் மலைநாட்டுப் பக்கம்தான், கேகாலை" என்றார். தாத்தா காலத்தில் வந்தார்களாம், குளத்துக்குக் கீழே வயல் கொடுத்தபோது. 1986இல் குளக்கட்டு உடைந்த இரவு தாத்தாவின் வீடும் மாடுகளும் போய்விட்டன. அந்த ஏப்ரலில் நூற்றுக்கு மேல் செத்தார்கள் என்பது எனக்கும் தெரியும். அப்படியென்றால் கேகாலைக்குத் திரும்பிப் போகலாமே என்று பேச்சுக்குக் கேட்டேன். "அபே கம மேக்க" என்றார். எங்கள் ஊர் இதுதான்.

இந்த ஊரைப் பற்றித் தமிழ் மேடைகளில் வேறு மாதிரித்தான் கேட்டு வளர்ந்திருக்கிறேன். கணக்கும் அப்படித்தான் இருக்கிறது. 1881 குடிசன மதிப்பில் திருகோணமலை மாவட்டம் முழுக்க 22,000 பேர். தமிழர் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவு, முஸ்லிம்கள் கால் பங்கு, சிங்களவர் ஆயிரம் பேர்கூட இல்லை. நூறு வருடம் கழித்து 1981இல் இரண்டரை லட்சம் பேர்: தமிழர் 36 வீதம், சிங்களவர் 33, முஸ்லிம்கள் 29. நடுவில் நடந்ததுதான் கந்தளாய், அல்லை, முதலிக்குளம் என்று அரசாங்கம் போட்ட குடியேற்றத் திட்டங்கள். முதலிக்குளம் இப்போது மொறவெவ. தமிழ்க் கட்சிகள் 1950களிலிருந்து சொல்லிவருகிற குறை இது, பொய்யில்லை. ஆனால் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அம்மாவுக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரை தேடி எடுத்துவந்தவரிடம் அந்தக் குறையை எந்த முகத்தோடு சொல்வது? நான் சொல்லவில்லை. பாணி இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னேன்.

திருமலை போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. சின்னம்மா வீட்டில் இரண்டே அறை என்பதால் டவுனில் ஒரு தங்குமிடம் எடுத்திருந்தோம், இரவுக்கு 4,500 ரூபா. முதலாளி தமிழர். அடையாள அட்டையைப் பார்த்தார், நுவரெலியா மாவட்ட விலாசம். "தோட்டப் பக்கமோ?" என்றார். ஆமா என்றேன். சாவியைத் தந்துவிட்டு மெதுவாக, "உங்கட பக்கம் வீட்டு வேலைக்கு ஆரும் பொம்பிளைப் பிள்ளையள் இருந்தாச் சொல்லுங்கோ தங்கச்சி" என்றார்.

கெட்ட மனிதர் இல்லை. சுடுதண்ணீர்ப் போத்தலைத் தானே மேலே கொண்டுவந்து வைத்தார். அதனால்தான் கோபம் இன்னும் கூடியது.

ஆகஸ்ட் 8, வெள்ளி: மூன்று ஒலிபெருக்கி

இன்றைக்கு ஆடி நாலாம் வெள்ளி. நிக்கினிப் போயாவும் இன்றைக்கே. வெள்ளி என்பதால் ஜும்மா. மூன்றும் ஒரே நாளில் விழுந்த ஊரில் விடியற்காலையில் தூங்க நினைத்தது என் தப்பு. முதலில் பாங்கு, அது முடிய முன்னே விகாரையிலிருந்து பிரித் ஓதல், அதற்குப் பின்னால் நாதஸ்வரம். ஒன்றுக்கொன்று போட்டியில்லை, ஆனால் விட்டுக்கொடுப்பும் இல்லை.

பத்திரகாளி அம்மன் கோயிலில் நிற்க இடமில்லை. அம்மா விரதம். அங்கிருந்து கோணேசர் கோயிலுக்குப் போனோம். பிரெட்றிக் கோட்டை வாசலால் உள்ளே நடக்கிற வழி முழுக்க இரண்டு நிறக் கூட்டம்: வெள்ளைச் சேலையில் சில் எடுத்த, அதாவது போயா விரதம் இருக்கிற, அம்மாமார், மஞ்சளும் சிவப்புமாய் நம் ஆட்கள். கோட்டைக்குள்ளேயே கோகண்ண விகாரையும் இருப்பதால் கொஞ்சத் தூரத்தில் வெள்ளை பிரிந்து போய்விடும் என்று நினைத்தேன். பாதிதான் பிரிந்தது. மீதிப் பேர் எங்களோடேயே கோயிலுக்கு மேலே ஏறி வந்து வரிசையில் நின்றார்கள். எனக்கு முன்னால் நின்ற பாட்டி பெரிய அர்ச்சனைத் தட்டோடு வந்திருந்தார். நட்சத்திரம் கேட்ட ஐயருக்குப் பேரனுடைய பெயரைச் சொன்னார். ஐயர் அசரவில்லை, அந்தப் பெயருக்கே அர்ச்சனை செய்தார்.

பாடல் பெற்ற தலம், 1622இல் போர்த்துக்கேயர் இடித்து அந்தக் கல்லைக் கொண்டே கோட்டை கட்டினார்கள், எல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். இராவணன் வெட்டில் நின்று கீழே பார்த்தால் அதெல்லாம் ஞாபகம் வராது, கால்தான் கூசும். காற்று சேலையைப் பறிக்கிறது.

இறங்கும்போது விபத்து. கோட்டைக்குள் புள்ளிமான்கள் ஆடுமாடு போலத் திரிகின்றன. அம்மா விரதம் முடித்துச் சாப்பிட என்று பிரசாத வாழைப்பழத்தைப் பையில் வைத்திருந்தார். ஒரு மான் பின்னால் வந்து பையோடு இழுத்தது. அம்மா விடவில்லை. மானும் விடவில்லை. கடைசியில் பை கிழிந்து, பழம் மானுக்கு, விபூதி மண்ணுக்கு, அம்மா முழங்காலில். பக்கத்துக் கடைப் பையன் ஓடிவந்து தூக்கிவிட்டான். "அந்த மான் எப்பவும் அப்படித்தான்" என்றான், ஏதோ சொந்தக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல. செவ்விளநீர் ஒன்று 200 ரூபா. அம்மாவுக்குக் கொடுத்ததற்குக் காசு வாங்க மறுத்துவிட்டான்.

மத்தியானம் பாதிக் கடைகள் ஜும்மாவுக்குப் பூட்டு. இறைச்சிக் கடையும் சாராயக் கடையும் போயாவுக்குப் பூட்டு. சைவக் கடையில் மட்டும் வரிசை. சோறு 400 ரூபா, மூன்று மரக்கறி, ரசம், ஒரு மிளகாய்ப் பொரியல். எங்கள் மேசையில் தலையில் துணி போட்ட ஒரு தாயும் மகளும். தாய் என்னிடம், "மகள், எங்கயிருந்து வாற?" என்றார். ஹட்டன் என்றதும், "அங்க குளிரும் என்ன" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

திரும்பும்போது ஆட்டோக்காரர் பஸ் நிலையப் பக்கம் தாடையால் காட்டினார். 2005 மே மாதத்தில் ஒரே இரவில் புத்தர் சிலை வந்தது அங்கேதான். ஹர்த்தால், ஊரடங்கு என்று எத்தனை நாள் ஓட்டம் இல்லாமல் கிடந்தோம் என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தாமல் அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார். பெற்றோல் விலை.

சாயங்காலம் டச்பே கடற்கரை. அம்மா காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கச்சான், அதுதான் நிலக்கடலை, விற்ற பெரியவரிடம் 100 ரூபாவுக்கு வாங்கினேன். "கச்சான் கடும் இண்டைக்கு" என்றார். உப்புத்தான் கூடவோ என்று வாயில் போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது காற்றை. இந்தக் கரையில் இந்த மாதங்களில் தரையிலிருந்து அடிக்கிற சுடுகாற்றுக்கும் கச்சான் என்றுதான் பெயராம். மலையில் பிறந்தவளுக்கு ஒரே கச்சான்தான் தெரியும்.

ஆகஸ்ட் 9, சனி: ஓம்

சின்னம்மாவின் மகன், எனக்குத் தம்பி முறை, ஆட்டோ கொண்டுவந்தான். கன்னியாப் பக்கம், டவுனிலிருந்து எட்டுக் கிலோமீட்டர் இருக்கும். வேலியோரம் தேக்கு, முற்றத்தில் முருங்கை. அக்காவும் தங்கச்சியும் 15 வருடத்துக்குப் பிறகு பார்த்துக்கொண்டார்கள். அழுகை ஐந்து நிமிஷம், பிறகு யாருக்கு எத்தனை பல் மிச்சம் என்ற கணக்கு.

"முழங்கால்ல என்ன அக்கா காயம்?"

"மான் முட்டிருச்சு."

"ஓம், அங்க அப்பிடித்தான்."

அம்மா சிரித்தார். "ஓமாம் ஓம்! ஆமான்னு சொல்ல மறந்துட்டியா?"

இந்த ஒரு சொல்தான் எல்லாம். எங்கள் பக்கம் ஆமா, இந்தப் பக்கம் ஓம். கடையில் ஒருவர் வாயைத் திறந்து ஆமா என்றாலே எந்தப் பக்கத்து ஆள் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். சின்னம்மா வந்த முதல் வருடமே வேண்டுமென்று மாற்றிக்கொண்டாராம். கிணற்றடியில் மற்றப் பெண்கள் சிரித்தார்களாம்.

மத்தியானம் குழல் பிட்டு, கணவாய்க் கறி, முருங்கையிலைச் சுண்டல். கணவாயை அம்மா முதலில் ரப்பர் என்று தள்ளினார். இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் கதை.

சின்னம்மாவுக்குக் கல்யாணம் 1976இல், மாத்தளைப் பக்கத்து ஒரு தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டார். அடுத்த வருடம் ஆகஸ்டில், தேர்தல் முடிந்த கையோடு, லயத்துக்கு, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, தீ வைத்தார்கள். 1977 கலவரத்தில் தோட்டங்களை விட்டு ஓடியவர்களில் நிறையப் பேர் வவுனியாப் பக்கம் போனார்கள், கொஞ்சப் பேர் திருமலைக்கு வந்தார்கள். சித்தப்பா ஒரு அலுமினியப் பானையோடு வந்தார். காட்டை வெட்டி அவர்களே குடிசை போட்டார்கள். 1981இல் குடிசன மதிப்புக்கு ஆள் வந்தபோது சித்தப்பாவிடம் இனம் கேட்டார். சித்தப்பா யோசிக்கவே இல்லையாம். "இலங்கைத் தமிழர் எண்டு போடுங்க."

"பொய்தானே?" என்று அம்மா கேட்டார். குற்றம் சொல்கிற குரலில் இல்லை, தெரிந்துகொள்கிற குரலில்.

"என்ன பொய்? இலங்கையிலதானே பிறந்தம். தமிழ்தானே பேசுறம்." சின்னம்மா வெற்றிலையை மடித்தார். "இந்தியத் தமிழர் எண்டு போட்டா, திரும்பவும் ஆரும் போ எண்டு சொல்லுவாங்க. காணிக்கும் கேப்பாங்க. உனக்குத் தெரியாதா அக்கா?"

அம்மாவுக்குத் தெரியும். அம்மாவின் தகப்பனுக்கு 1948 சட்டத்தோடு பிரஜாவுரிமை போயிற்று. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் கீழ் மூத்த மாமாவுக்கு இந்தியா என்று வந்து, 1970களில் தலைமன்னாரில் கப்பலேறினார். கூடலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டம்தான் அங்கேயும். அம்மாவுக்கு இங்கே பிரஜாவுரிமைப் பத்திரம் கைக்கு வர 1988க்குப் பிறகு ஆனது.

நான் கொப்பியில் எழுதிப் பார்த்தேன். ஒரு வயிற்றில் மூன்று பிள்ளை. ஹட்டனில் இருக்கிற என் அம்மா: இந்தியத் தமிழர். கன்னியாவில் இருக்கிற சின்னம்மா: இலங்கைத் தமிழர். உண்மையிலேயே இந்தியாவில் இருக்கிற மாமாவை அங்கே ஊரார் எப்படிக் கூப்பிடுகிறார்கள் தெரியுமா? சிலோன்காரர். அந்த மூன்றையும் சின்னம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வெற்றிலை புரையேறும்வரை சிரித்தார்.

இந்த இரண்டு தமிழர்களையும் தனித்தனியாக எண்ணத் தொடங்கியதே 1911இல்தான். வெள்ளைக்காரன் போட்ட கோடு. ஆனால் கோட்டை வீட்டுக்குள் கொண்டுபோனது வெள்ளைக்காரன் மட்டுமா என்று முந்தாநாள் தங்குமிட முதலாளியைக் கேட்கவேண்டும். தம்பியின் மகனுக்கு 11 வயது. அவனுடைய சான்றிதழைக் காட்டச் சொன்னேன், தொழில் பழக்கம். இலங்கைத் தமிழர். "நாங்க இந்தியத் தமிழரா இருந்தமா மாமி?" என்று என்னிடம் கேட்டான், ஏதோ முன்னே இருந்த வீட்டைப் பற்றிக் கேட்பதுபோல.

வெயில் தாழ்ந்ததும் வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனோம். ஏழு சதுரக் கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. தாயின் கிரியைக்காக இராவணன் வாளால் குத்திய இடங்கள் என்பது கதை. யாருடைய இடம், யார் பராமரிப்பது என்று வழக்கும் பிணக்கும் இங்கேயும் உண்டு. வாளியால் அள்ளி ஊற்றுவதுதான் குளியல். வரிசையில் சிங்களக் குடும்பம் ஒன்று, காத்தான்குடியிலிருந்து வந்த ஒரு வான் நிறைய முஸ்லிம் ஆட்கள், நாங்கள். சூட்டுக்கு எல்லோரும் ஒரே மாதிரித்தான் கத்துகிறார்கள். அம்மா முழங்காலுக்கு மட்டும் ஏழிலும் ஊற்றிக்கொண்டு, நாலாவதுதான் நல்லது என்று தீர்ப்புச் சொன்னார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு: கதிரை, அலமாரி, வட்டிலப்பம்

சின்னம்மா வீட்டுக் கதிரைக்கு ஒரு கால் ஆட்டம். அதைத் தூக்கிக்கொண்டு தம்பி பாலையூற்றுக்குப் போனான், நானும் ஏறிக்கொண்டேன். தச்சு வேலைக்காரர் பூசைக்குப் போய் வந்த வெள்ளைச் சட்டையோடு இருந்தார். பறங்கியர், போர்த்துக்கேயர் வழி. பழுப்புக் கண், மற்றபடி திருமலைத் தமிழ்தான். பாட்டி வீட்டில் போர்த்துக்கேயம் பேசுவாராம். இவருக்குத் திட்டும் பாட்டும் மட்டும் மிச்சம். கல்யாண வீட்டில் கஃப்ரிஞ்ஞா ஆடாமல் விடமாட்டார்களாம். பாலையூற்றில் காப்பிரிக் குடும்பங்களும் சில உண்டு, போர்த்துக்கேயர் காலத்திலிருந்து வந்த ஆப்பிரிக்கர்களின் வழி.

ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யமாட்டேன் என்றவர், அம்மாவின் கதிரை என்று தம்பி சொன்னதும் உளியை எடுத்தார்.

"தங்கச்சி மொழிபெயர்க்கிற ஆள் எண்டு சொன்னான். ஒண்டு கேக்கிறன். கதிரை எந்த மொழி?"

தமிழ் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்தினேன்.

"கதிரை எங்கட. மேசை எங்கட. அலமாரி எங்கட. ஜன்னல் எங்கட. அலமாரிக்குப் போடுற சாவியும் எங்கட." உளியால் ஒவ்வொன்றையும் சுட்டினார். "நான் செய்யிறதுல கட்டில் மட்டும்தான் உங்கட."

எல்லாம் போர்த்துக்கேயச் சொல். எனக்குத் தெரியாததில்லை, ஆனால் இப்படி ஒரு பட்டறை நிறைய வைத்து யாரும் சொன்னதில்லை. விறாந்தையும் குசினியும் சப்பாத்தும் காலையில் சாப்பிட்ட பாணும் சேர்த்தால் இன்னும் நீளும். மாவட்டக் கணக்கில் இவர்கள் ஒரு வீதம்கூட இல்லை. கூலி 300 ரூபா.

அங்கிருந்து கிண்ணியா. தம்பியின் கூட்டாளி, மீன் யாவாரம் செய்கிற நானா வீட்டில் மத்தியானச் சாப்பாடு. 2009இல் பாலம் திறக்கும்வரை பாதையில்தான் கடந்தார்களாம், வாகனங்களையும் ஏற்றுகிற அந்த மிதவையைத்தான் பாதை என்கிறார்கள். ஒரு பக்கம் பிந்தினால் பிரசவத்துக்குப் போகிறவளும் காத்திருக்கவேண்டும். இப்போது பாலம் 400 மீற்றருக்குக் கிட்ட நீளம், ஆட்டோவில் ஒரு நிமிஷம்கூட இல்லை. தம்பி வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினான்.

நானா வீட்டுப் பெரிய உம்மா, அம்மாவையும் சின்னம்மாவையும் கையைப் பிடித்து உள்ளே கொண்டுபோனார். சஹன் வைத்தார்கள். பெரிய தட்டில் சோறு, சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவது. அம்மாவுக்குப் பழக்கமில்லை என்று கேட்காமலேயே தனித் தட்டு வந்தது. மாட்டிறைச்சி வீட்டிலேயே சமைக்கவில்லை. கோழி, பாரை மீன், கத்தரிக்காய்ப் பொரியல், மாசிச் சம்பல். "நீங்க வாறதெண்டு இண்டைக்கு எடுக்கல்ல" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனார். கடைசியில் வட்டிலப்பம். அம்மா செய்முறை கேட்டார். முட்டை எத்தனை என்று கேட்டபின் மௌனமானார்.

நானாவின் மூத்த மகள் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறார். நான் வேலை பற்றிச் சொன்னதும், சான்றிதழ்களில் எங்கள் அலுவலகங்கள் விடுகிற சந்திப் பிழைகளைப் பட்டியல் போட ஆரம்பித்தார். ஒன்றுக்கும் பதில் இல்லை, எல்லாம் நான் விடுகிறவை. கடைசியில் எனக்கு உறுத்திய கேள்வியைக் கேட்டேன். இவ்வளவு தமிழ் தெரிந்தும் தமிழர் என்று போடமாட்டீர்களா?

"இல்ல." கோபம் இல்லை. "தமிழ் எங்கட மொழி. இனம் வேற. போம்ல இலங்கைச் சோனகர் எண்டு எழுதுவம். வீட்ட ஆரும் சோனகர் எண்டு சொல்றதுமில்ல. முஸ்லிம், அவ்வளவுதான்."

இது பழைய வழக்கு. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், சோனகர்கள் மதத்தால்தான் வேறு, இனத்தால் தமிழர்தான் என்று வாதாடினார். 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதை மறுத்து எழுதினார். நான் இராமநாதன் பெயரை எடுத்ததுமே ஆசிரியை சிரித்துவிட்டார். "எங்களக் கேக்காம எங்களப் பத்திப் பேசினவர்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. இந்தியத் தமிழர் என்ற பெயரையும் எங்களைக் கேட்டு வைக்கவில்லை. இலங்கைத் தமிழர் என்று சித்தப்பா கேட்டு வாங்கினார். இவர்கள் வேண்டாம் என்று கேட்டு வாங்கினார்கள். 2012 கணக்கில் மாவட்டத்தின் 3.8 லட்சம் பேரில் முஸ்லிம்கள் 40 வீதம், தமிழர் 30க்குச் சற்று மேல், சிங்களவர் 27. 1981க்கும் அதற்கும் நடுவில் 31 வருடம் இங்கே முழுமையான குடிசன மதிப்பே நடக்கவில்லை. அந்த 31 வருடத்தில் படகேறிப் போன தமிழர்கள் எத்தனை வீடு என்பதை நானாவும் தம்பியும் தெருத்தெருவாக எண்ணினார்கள். நானா சொன்ன வீடுகளில் பாதியைத் தம்பிக்குத் தெரியாது, அவன் பிறக்க முன்னே போனவர்கள்.

புறப்படும்போது உம்மா ஒரு போத்தல் தேன் தந்தார். வெருகல் பக்கத்து வேடர்கள் கொண்டுவருவதாம். அந்தக் கரையோர வேடர்கள் பேசுவது தமிழ், கும்பிடுவது முருகனை. 2012 குடிசன மதிப்பு அட்டவணையில் அவர்களுக்குத் தனி வரிசை இருக்கவில்லை. தமிழருக்குள்ளோ ஏனையோருக்குள்ளோ போய்விட்டார்கள். எல்லாருக்கும் முன்னே வந்தவர்கள் ஏனையோர்!

ஆகஸ்ட் 11, திங்கள்: திரும்பல்

விடியற்காலை மீன் கரைக்கு வருகிறதைப் பார்க்கவேண்டும் என்று அம்மா. சூடையும் கீரியும் வெள்ளிக் காசு கொட்டியதுபோல் மணலில். ஏலம் தமிழில் தொடங்கி, சிங்களத்தில் ஏறி, தமிழில் முடிந்தது. நானா எங்களைக் கண்டு கையைக் காட்டினார்.

சின்னம்மா நெத்தலிக் கருவாடு இரண்டு கிலோ கட்டித் தந்திருந்தார். மூன்று பை போட்டு முடிச்சும் போட்டாயிற்று. தங்குமிட முதலாளி கணக்கு முடிக்கும்போது, "அப்ப அந்தப் பிள்ளையள் விஷயம்..." என்று இழுத்தார். எங்கள் பிள்ளைகள் படிக்கிறார்கள் ஐயா என்றேன். "ஓ, நல்லது நல்லது" என்றார். 500 ரூபா குறைத்தும் கொடுத்தார். வாங்காமல் விட்டிருக்கலாம். வாங்கிக்கொண்டேன்.

பஸ்ஸில் இந்தத் தடவை இரண்டு சீட்டும் எங்களுடையது. கந்தளாயில் ஐந்து நிமிஷம் நிறுத்தினார்கள். அதே கடை. அந்தப் பெண் அம்மாவை அடையாளம் கண்டு, முழங்காலில் கட்டைப் பார்த்து என்ன என்று கேட்டார். அம்மா சிங்களத்தில் மான் கதையை நடித்தே காட்டினார். இரண்டு சட்டி வாங்கினோம், அக்கம்பக்கத்துக்கு.

தம்புள்ளை வரைக்கும் பிரச்சினை இல்லை. அதற்குப் பிறகு ஒரு பெரிய வளைவில் சட்டி சரிந்து, தயிர் கருவாட்டுப் பையின் மேல் போனது. வெயிலில் இரண்டும் சேர்ந்தால் என்ன வாசம் வரும் என்று எழுதத் தேவையில்லை. முன் சீட்டில் ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "காகேத மே கரவல?" என்றார். பின்னால் யாரோ, "ஆருடைய கருவாடப்பா இது?" என்றார்கள். கண்டக்டர் இரண்டு மொழியிலும் கத்தினார்.

அம்மா கண்ணை மூடித் தூங்குவதுபோல் இருந்தார். என் காதில் மட்டும், "நம்மளதுன்னு சொல்லிறாத" என்றார்.